மூன்று நாள் பயிற்சி போதுமா நம் பிள்ளைகளுக்கு?

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் அரியாங்குப்பம், நோணாங்குப்பம் தாண்டினால் தவளக்குப்பம். கிழக்கே நல்லவாடு கடற்கரைக்கும் மேற்கே அபிஷேகப்பாக்கத்துக்கும் இங்கிருந்துதான் பிரிய வேண்டும். ராஜீவ் காந்தி கலை அறிவியல் கல்லூரி இந்த ஊரில்தான் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அரசுக் கல்லூரி அது.

இடஒதுக்கீடும் கல்வி உதவித்தொகையும் விடுதியும் நம் பிள்ளைகளுக்குக் கைகொடுப்பது அந்தக் கல்லூரி வாசலில், 17, 18 வயதில். ஆனால் அந்த வாசல்வரை வந்து சேரும் பிள்ளை எது, பாதி வழியில் நின்றுவிடும் பிள்ளை எது என்ற கணக்கு அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மூன்று வயதில், அங்கன்வாடித் தரையில், பாய் விரித்து உட்காரும் நாளில் தொடங்குகிறது. அந்த நாளில் குழந்தைக்கு எதிரே நிற்கும் பெண்ணுக்கு என்ன தெரியும், அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், எத்தனை நாள் கற்றுக்கொடுத்தார்கள் என்று நாம் கேட்டதுண்டா?

கட்டடம் கேட்டிருக்கிறோம். முட்டை கேட்டிருக்கிறோம். எடை போடும் கருவி கேட்டிருக்கிறோம். அவையெல்லாம் கேட்க வேண்டியவைதான். பயிற்சியை மட்டும் நாம் கேட்கவில்லை. சமூகநீதிப் பேச்சில் விடுபட்டுப்போன வரி அது.

பருவம் தெரிந்த மொழி

குழந்தை வளர்ச்சி என்றதும் அது ஏதோ வெளிநாட்டுப் படிப்பு என்று நினைக்க வேண்டாம். பிள்ளைத்தமிழ் என்றே ஓர் இலக்கிய வகை நம்மிடம் உண்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று அது பருவம் பிரித்தது. தலை நிமிர்த்தி ஆடுவது, நாக்கைச் சுழற்றி ஒலி எழுப்புவது, கை கொட்டுவது, தளர்நடை போடுவது, நிலாவைக் காட்டினால் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றுக்கும் மாதக் கணக்கு வைத்தது. இன்று மருத்துவர்கள் வளர்ச்சி மைல்கல் என்று சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான். உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைக் கவனித்துச் சொன்ன கணக்குப்படி, பிடிமானம் இல்லாமல் உட்காருவது சராசரியாக 6 மாதத்தில், தனியாக நடப்பது சராசரியாக 12 மாதத்தில். சில குழந்தைகள் 17 மாதம்வரை எடுத்துக்கொள்வதும் இயல்புதான்.

ஆனால் பிள்ளைத்தமிழ் பாடப்பட்டது கடவுளுக்கும் அரசனுக்கும் பெரியோருக்கும். களத்துமேட்டில் தூளி கட்டித் தூங்கிய பிள்ளையின் பருவத்தை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. நம் பாட்டிகள் அதை மனத்தில் வைத்திருந்தார்கள். தலை நின்றுவிட்டதா, குப்புற விழுந்துவிட்டதா, எட்டு வைத்துவிட்டதா என்று தெருவில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பால் போதாமல் இளைத்த பிள்ளையைச் சவலை என்று கண்டுபிடித்தார்கள். அறிவு இருந்தது. அதை முறைப்படுத்தி, சம்பளம் கொடுத்து, தொழிலாக மதிக்கும் ஏற்பாடுதான் நம் தெருவுக்கு வரவில்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020, மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று சொல்கிறது. குழந்தை ஒலி எழுப்புகிறது, பெரியவர் அதற்குப் பதில் சொல்கிறார், குழந்தை மறுபடி ஒலி எழுப்புகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மூளையின் இணைப்புகள் வலுக்கின்றன. சத்தான உணவு ஒரு கை என்றால், பேச்சும் விளையாட்டும் அணைப்பும் இன்னொரு கை. ஒரு கையால் மட்டும் பிள்ளையைத் தூக்க முடியாது.

பயிற்சி பெற்ற கண் எதைப் பார்க்கும்?

மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து 'அ' எழுதச் சொல்வது பல ஊர்களில் நடக்கிறது. எழுதாவிட்டால் "இதுக்குப் படிப்பு வராது" என்று தீர்ப்பும் வந்துவிடுகிறது. விரலின் சிறு தசைகள் அந்த வயதில் எழுதுவதற்குத் தயாராகவில்லை என்பது குழந்தை வளர்ச்சி படித்தவருக்குத் தெரியும். அவர் முதலில் களிமண் பிசையக் கொடுப்பார். காகிதம் கிழிக்கச் சொல்வார். புளியங்கொட்டை பொறுக்கவும் மணி கோக்கவும் விடுவார். தரையில் சாக்கட்டியால் கிறுக்க விடுவார். பார்ப்பவருக்கு விளையாட்டு. விரலுக்கு அது எழுத்துப் பயிற்சி.

ஒரு பிள்ளை தண்ணீரைச் சொம்பிலிருந்து குவளைக்கும் குவளையிலிருந்து சொம்புக்கும் மாற்றி மாற்றி ஊற்றுகிறது. பயிற்சி இல்லாத கண்ணுக்கு அது சேட்டை. பயிற்சி பெற்ற கண்ணுக்கு அது அளவை, எடை, கூட்டல், கழித்தல். பல்லாங்குழியும் தட்டாங்கல்லும் நொண்டியும் அப்படித்தான். எண்ணுவது, காத்திருப்பது, விதிக்குக் கட்டுப்படுவது, தோற்றாலும் அழாமல் மறுபடி ஆடுவது எல்லாம் அதில் இருக்கின்றன.

இன்னொரு பிள்ளை பேசுவதே இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. அடம் என்று விட்டுவிடலாம். காது கேட்கிறதா என்று சோதிக்க அனுப்பவும் செய்யலாம். இரண்டு வயதில் கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடிய குறையை எட்டு வயதில் கண்டுபிடித்தால், போன ஆறு ஆண்டு திரும்ப வராது. வசதி உள்ள வீட்டில் குழந்தை மருத்துவர் இதைப் பார்த்துச் சொல்வார். நம் காலனியிலும் பேட்டிலும் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்தான் அந்தக் கண்.

மொழியும் இதில் சேர்ந்தது. நம் பிள்ளை தெருவில் பேசும் தமிழோடு வருகிறது. அதைக் கேட்டுச் சிரித்தாலோ, "ஒழுங்காப் பேசு" என்று அதட்டினாலோ பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வாயை மூடிய பிள்ளையின் மூளைக்கு இரை குறைகிறது. பிள்ளை சொன்னதை அதன் மொழியிலேயே வாங்கிக்கொண்டு, இன்னும் நாலு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை. இது அன்பு மட்டுமல்ல, கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் நுணுக்கம்.

முதலில் நம் தெருவுக்கு வந்த கல்வி

இந்தக் கல்வி முறை பணக்காரர்களுக்கென்று பிறந்தது அல்ல. வரலாற்றைப் புரட்டினால், அது முதலில் ஒடுக்கப்பட்டோர் தெருவில்தான் நடந்திருக்கிறது.

சென்னையில் பிரம்ம ஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் 1894-ல் தாழ்த்தப்பட்டோருக்கான முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அன்றைய அரசுச் சொல்லில் பஞ்சமர் பள்ளிகள் என்று பெயர். அடுத்தடுத்து நகரின் வேறு சேரிகளிலும் பள்ளிகள் எழுந்தன. 1898-ல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினாரே, அதே காலம். சாரா பாமர், ஆல்மி கோர்ட்ரைட் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள் இந்தப் பள்ளிகளைப் பொறுப்பேற்று நடத்தினார்கள். மனப்பாடமும் பிரம்பும் ஆண்ட காலத்தில், விளையாட்டு வழியாகவும் கைவேலை வழியாகவும் கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறையை அவர்கள் அங்கே கொண்டுவந்தார்கள். பறையர் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கிறோம் என்று கோர்ட்ரைட் 1906-ல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். கிண்டர்கார்டன் என்ற சொல்லை இன்று கட்டண ரசீதில் பார்க்கிறோம். நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன் அது சென்னைச் சேரிப் பள்ளியில் இலவசமாக இருந்தது.

மாண்டிசோரி கதையும் அப்படித்தான். மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் படிக்கட்டில் அலைந்த பிள்ளைகள்தான் அவருடைய முதல் மாணவர்கள். 1939-ல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து, இந்தியா முழுவதிலிருந்தும் வந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். முந்நூறு பேருக்கு மேல் அதில் கலந்துகொண்டார்கள். இன்று மாண்டிசோரி என்ற பலகை எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கட்டணம் வாங்கும் நர்சரிப் பள்ளிகளின் வாசலில்தான்.

மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக் வேறு வழி போனார். குஜராத்தின் பாவ்நகரில் கிஜூபாய் பதேகாவோடு மேல்தட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய அவர், 1945-ல் போர்டி என்ற கடற்கரைக் கிராமத்துக்கு வந்தார். அனுதாய் வாக் அவரோடு சேர்ந்தார். விலை உயர்ந்த மாண்டிசோரிக் கருவிகளுக்குப் பதிலாக விதை, கூழாங்கல், ஓலை, மண் என்று கிராமத்தில் கிடைத்ததையே கருவியாக்கினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளைகளிடம் போகட்டும் என்று வீட்டு முற்றங்களிலேயே வகுப்பு நடத்தினார்கள். முற்றத்துக்கு அங்கே 'ஆங்கன்' என்று பெயர். நாம் இன்று சொல்லும் அங்கன்வாடி என்ற சொல்லுக்குள் இருக்கும் முற்றம் அதுதான். பின்னர் 1957-ல் கோஸ்பாட் என்ற மலைக்கிராமத்துக்குப் போய், வார்லி பழங்குடிப் பிள்ளைகள் மாடு மேய்த்த இடத்திலேயே பாடம் நடத்தினார்கள். உள்ளூர்ப் பெண்களையே ஆசிரியைகளாகப் பயிற்றுவித்ததுதான் அவர்கள் செய்த பெரிய வேலை.

சட்டம் பெரிது, பயிற்சி சிறிது

1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கூடுதல் ஊட்டச்சத்து, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்குச் சுகாதாரக் கல்வி என்று ஆறு சேவைகள். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் இன்று 855 அங்கன்வாடிகள் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 15.7 சதவீதம். உயரத்தில் பின்தங்கிய குழந்தைகள் நாடு முழுவதும் 35.5 சதவீதம் என்றும், புதுச்சேரியில் சுமார் 20 சதவீதம் என்றும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நாட்டுச் சராசரியைவிட நாம் மேல்தான். ஆனாலும் ஐந்தில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் வளர்கிறது.

ஆறு சேவையையும் செய்வது ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும். அவருக்கு என்ன பயிற்சி? பணியில் சேர்ந்தவருக்கு 26 வேலை நாள் பயிற்சி, பிறகு அவ்வப்போது 5 நாள் புத்தாக்கப் பயிற்சி என்று நீண்ட காலம் விதி இருந்தது. அந்த 26 நாளுக்குள் ஆறு சேவையும் பதிவேடுகளும் அடங்க வேண்டும். குழந்தை எப்படி வளர்கிறது என்பதற்கு அதில் ஒரு பங்குதான்.

2023 மே 10 அன்று ஒன்றிய அரசு 'ஊட்டமும் வேண்டும், கல்வியும் வேண்டும்' என்ற பொருளில் 'போஷண் பி படாயி பி' திட்டத்தைத் தொடங்கியது. அங்கன்வாடியை உணவு கொடுக்கும் இடமாக மட்டும் பார்க்காமல் கற்கும் இடமாக மாற்றுவது அதன் நோக்கம். நல்ல நோக்கம். 2024-ல் பிறப்பு முதல் மூன்று வயதுக்கு 'நவசேதனா' என்ற வழிகாட்டியும், மூன்று முதல் ஆறு வயதுக்கு 'ஆதார்ஷிலா' என்ற பாடத்திட்டமும் வந்தன. மாதவாரியாக, வாரவாரியாக என்ன செய்யலாம் என்று அவை சொல்கின்றன. ஆனால் இதைச் செயல்படுத்தப் பணியாளர்களுக்கு முதல் சுற்றில் கிடைத்த நேரடிப் பயிற்சி மூன்று நாள்.

ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியராக வேண்டுமானால் இரண்டு ஆண்டு ஆசிரியர் பட்டயப் படிப்பு கட்டாயம். ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு படித்தவர். மூளை வேகமாக வளரும் மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று நாள் படித்தவர். இதில் பணியாளரின் குற்றம் ஒன்றுமில்லை. தேசியக் கல்விக் கொள்கையே இதை ஒப்புக்கொண்டு, பிளஸ் டூ படித்த பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பும், அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பும் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்தப் படிப்பை ஒவ்வொரு பணியாளருக்கும் கொடு என்பதுதான் நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

கூலியையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றிய அரசு 2018 அக்டோபர் முதல் நிர்ணயித்த மதிப்பூதியம் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய். மாநிலங்களும் ஒன்றியப் பிரதேசங்களும் தம் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. ஊதியம் என்றுகூடச் சொல்லாமல் மதிப்பூதியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பயிற்சியை உயர்த்திவிட்டுக் கூலியைப் பழைய இடத்திலேயே வைத்தால் அது இன்னொரு சுமையாகத்தான் முடியும்.

பயிற்சி பலன் தருமா?

பத்து நாள் கூடுதலாகப் பாடம் நடத்தினால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1986-87-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. ஏழைக் குடியிருப்புகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பது மாதம் முதல் இரண்டு வயதுவரையான பிள்ளைகள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சுகாதார உதவியாளர்கள் போனார்கள். டாக்டரோ பேராசிரியரோ அல்ல, உள்ளூர்ப் பெண்கள். குழந்தை எப்படி வளர்கிறது, எப்படி விளையாடுவது, வீட்டில் கிடைப்பதை வைத்துப் பொம்மை எப்படிச் செய்வது என்று பயிற்சி பெற்றவர்கள். தாயோடு உட்கார்ந்து பிள்ளையோடு விளையாடினார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளின் வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது.

நம் தமிழ்நாட்டிலும் சான்று இருக்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் 320 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதி மையங்களில், முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் வேலைக்கு இன்னொரு பெண்ணை நியமித்தார்கள். அதனால் கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்தைக் கவனிக்க நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குறைவும் குறைந்தது. ஒருவர் தலையில் ஆறு வேலையைக் கட்டினால் முதலில் கைவிடப்படுவது பாடம்தான் என்பதை இந்த ஆய்வு காட்டியது. பயிற்சி வேண்டும், அதைப் பயன்படுத்த நேரமும் வேண்டும்.

ஆறு வயதுக்குள் கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று யாரும் மனம் உடைய வேண்டாம். அங்கன்வாடியே பார்க்காமல் பட்டம் பெற்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆனால் அவர்கள் கூடுதலாக ஏறிய மேட்டை அடுத்த தலைமுறையும் ஏன் ஏற வேண்டும்?

பயிற்சிப் புத்தகத்தில் இல்லாத பாடம்

இந்தப் பத்தியில் பேசாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. குழந்தை வளர்ச்சிப் பாடத்தில் உடல் உண்டு, மொழி உண்டு, அறிவு உண்டு, மன உணர்வு உண்டு. சாதி இல்லை. ஆனால் நம் ஊரில் பிள்ளையின் மன உணர்வைச் சாதி தொடாமல் விடுவதில்லை.

அம்பேத்கர் பள்ளியில் தனியே, தான் கொண்டுபோன சாக்குத் துணியில் உட்கார வேண்டியிருந்தது. உயர்த்திப் பிடித்து யாராவது ஊற்றினால்தான் தண்ணீர். அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்ல முடியுமா? 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதைப் பார்த்த பிள்ளைகள் எதைக் கற்றிருப்பார்கள்? இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கற்றார்கள். ஒரு பக்கம் தான் உயர்ந்தவன் என்று, மறு பக்கம் தன் அம்மாவின் கை அழுக்கு என்று.

இது மனத்தோடு நிற்பதில்லை, மூளைவரை போகிறது. உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ஆய்வாளர்கள் 642 சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் உயர்சாதி, பாதிப் பேர் ஒடுக்கப்பட்ட சாதி. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரு தரப்பும் சமமாகச் செய்தார்கள். எல்லார் முன்னிலையிலும் பெயரோடு சாதியைச் சேர்த்து அறிவித்தபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் திறன் சரிந்தது. அறிவு அதே அறிவு. அறிவிப்பு ஒன்றுதான் புதிது. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி நடத்திய பொம்மை ஆய்வில், மூன்று வயது முதலே கறுப்பினக் குழந்தைகள் பலர் வெள்ளைப் பொம்மையே நல்லது என்று காட்டினார்கள். இனப் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்ற 1954 தீர்ப்பில் அந்த ஆய்வும் மேற்கோள் காட்டப்பட்டது.

ஆகவே அங்கன்வாடிப் பயிற்சியில் சாதியும் பாடமாக வேண்டும். பிள்ளைகளை எப்படிக் கலந்து உட்கார வைப்பது, தட்டும் குவளையும் பொதுவாக இருக்க வேண்டியது ஏன், மூக்கு ஒழுகும் பிள்ளையைத் தயங்காமல் தொட்டுத் தூக்குவது, தெருப் பெயரையோ சாதிப் பெயரையோ சொல்லிக் கூப்பிடாமல் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று கற்றுத்தர வேண்டும். நம் தெருவில் இருக்கும் உழைப்பும் கலையும் பாடத்துக்குள் வர வேண்டும். பறையடியைக் கேட்டுத் தாளம் பிடிக்கும் பிள்ளை கணிதத்தின் ஒழுங்கைத்தான் பிடிக்கிறது. அதை இழிவு என்று ஒதுக்காத ஆசிரியை வேண்டும்.

பயிற்சி அளிக்கும் தேசிய நிறுவனத்துக்கு 2025-ல் சாவித்திரிபாய் பூலே பெயரைச் சூட்டினார்கள். 1848-ல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கியவர் அவர். சாணியும் கல்லும் எறிந்தவர்களைத் தாண்டி வகுப்புக்குப் போனவர். பெயர்ப் பலகையில் அவர் வந்துவிட்டார். பாடத்துக்குள் எப்போது வருவார்?

என்ன கேட்கலாம், என்ன செய்யலாம்

முதலில், மையம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று உத்தரவிட்டது. புதிய மையங்கள் திறக்கும்போது பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை என்றும் அதில் இருக்கிறது. ஊர்த் தெருவில் மையம், காலனிப் பிள்ளை நடந்து போகட்டும் என்பது அந்த உத்தரவின் நோக்கத்துக்கு எதிரானது. மூன்று வயதுக் கால் எவ்வளவு தூரம் நடக்கும்?

இரண்டாவது, உங்கள் அங்கன்வாடிக்குப் போய் உட்காருங்கள். குறை கண்டுபிடிக்க வேண்டாம், கவனியுங்கள். பிள்ளைகளோடு எவ்வளவு நேரம் பாட்டும் கதையும் நடக்கிறது, பணியாளருக்குப் பதிவேட்டிலும் செல்போன் செயலியிலும் எவ்வளவு நேரம் போகிறது என்று பாருங்கள். கடைசியாக எப்போது பயிற்சி கிடைத்தது, எத்தனை நாள், என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவரையே கேளுங்கள். அந்தப் பதிலை மனுவாக எழுதி மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறைக்கு அனுப்புங்கள். அவருக்காக நாம் கேட்கிறோம் என்று தெரிந்தால் அவரும் நம்மோடு நிற்பார்.

மூன்றாவது, கடன் வாங்கி எல்.கே.ஜி. சேர்க்கும் முன் யோசியுங்கள். டையும் ஷூவும் வீட்டுப்பாடமும் நல்ல கல்வியின் அடையாளம் அல்ல. அங்கே சொல்லிக்கொடுப்பவருக்குக் குழந்தை வளர்ச்சி தெரியுமா என்று கேளுங்கள். தெரியாதென்றால், நீங்கள் கட்டுவது சீருடைக்கான பணம்.

நான்காவது, மாணவர்களுக்கு. புதிய விதிகளின்படி அங்கன்வாடிப் பணியாளராகப் பிளஸ் டூ வேண்டும். ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள பணியாளர்களுக்கு மேற்பார்வையாளர் பணியிடங்களில் பாதி ஒதுக்கப்பட வேண்டும் என்று 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. இது ஆயா வேலை என்று ஒதுக்க வேண்டாம். உளவியல், சமூகப்பணி, மனையியல், கல்வியியல் படிப்பவர்கள் குழந்தை வளர்ச்சியைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். முன்பருவக் கல்விக்கு இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு. தவளக்குப்பம் கல்லூரியில் படிக்கும் மாணவர்கள் சனிக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னாலே அது தொடக்கம்தான்.

கடைசியாக, ஆட்சியாளர்களுக்கு. பட்டியல் சாதித் துணைத் திட்டத்தின் பணம் சாலைக்கும் சிமெண்ட்டுக்கும் போகிறது. அதில் ஒரு பகுதியை நம் பெண்களின் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஆதிதிராவிடர் நலத்துறையும் பாட்கோவும் தையலுக்கும் கணினிக்கும் பயிற்சி தருவதுபோல, ஓராண்டு முன்பருவக் கல்விப் பயிற்சியை உதவித்தொகையோடு தரலாம். காலனிப் பெண் முறையாகக் கற்று, காலனிப் பிள்ளைக்குக் கற்பிப்பார். போர்டியில் தாராபாய் நம்பியதும் அதைத்தான்.

அடுத்த கிராம சபையில் சாலை, குடிநீர், சுடுகாட்டுப் பாதை என்று கோரிக்கைகள் வரிசையாக வரும். அந்தத் தாளில் இன்னொரு வரி எழுதுங்கள்: எங்கள் அங்கன்வாடி ஆசிரியைக்கு மூன்று நாள் பயிற்சி போதாது, ஆறு மாதப் பயிற்சி கொடுங்கள்.